பிராட்மோர் நிற்பதில்லை

2006ஆம் ஆண்டு மே மாதம், வளைகுடா நாடுகளில் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். பிராட்மோர் என்ற அமெரிக்க வண்டிக்கு அதில் இரண்டு இடங்கள் கிடைத்தன. பார்த்ததும் மனதைக் கவரும் வண்டி எது என்ற கேள்விக்கு முதல் இடம். தரமான வண்டி எது என்ற கேள்விக்குக் கடைசி இடம்.

துபாயில் அந்த வண்டியை விற்ற ஏஜென்சி, முதல் இடத்துக்காக ஒரு கேக் வெட்டியது. கடைசி இடத்துக்காக ஒரு துறையைத் தொடங்கியது.

தர உணர்வுத் துறை என்று அதற்குப் பெயர். தரத்தைக் கவனிக்க ஏற்கெனவே மூன்று பேர் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் ஏசி இல்லாத அறையில் இருந்தார்கள். புதிய துறையின் வேலை அதுவல்ல. தரத்தைப் பற்றி மக்கள் என்ன உணர்கிறார்கள் என்பதை மட்டுமே அது கவனிக்கும். அதனால் அதற்கு ஷோரூம் மாடியில் கண்ணாடி அறை கொடுத்தார்கள்.

துறைத் தலைவராக வந்தவர் பாலமுரளி. சென்னைக்காரர். அதுவரை ஷாம்பு கம்பெனியில் இருந்தவர். காரைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது, அதனால் திறந்த மனதோடு அணுக முடியும் என்று நேர்முகத் தேர்விலேயே சொல்லி வேலை வாங்கியவர்.

அவர் முதலில் கூப்பிட்டுவிட்ட ஆள் கார்மேகம். கமுதிப் பக்கத்துக்காரன். நான்கு வருடமாக ஏஜென்சியில் ரெக்கவரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். வழியில் நின்றுபோன காரை முதுகில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவரும் லாரிக்கு அங்கே ரெக்கவரி என்று பெயர். கார்மேகத்தின் ரெக்கவரி பதினெட்டு வருடப் பழைய ஜப்பான் லாரி. வண்ணம் உரிந்து, ஒரு கதவு மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் நின்றதில்லை.

"போன மாசம் நாப்பத்திமூணு ரெக்கவரி, மிஸ்டர் கார்மேகம்" என்றார் பாலமுரளி. கையில் ஒரு வரைபடம் வைத்திருந்தார். "நீங்க இதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"வெயில் ஜாஸ்தி சார். இன்ஜின் சூடேறி நின்னுருது."

"காரணம் கேட்கலை. எப்படி ஃபீல் பண்றீங்கன்னு கேட்டேன்."

கார்மேகம் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "இடுப்பு வலிக்குது சார்" என்றான்.

அதைப் பாலமுரளி குறித்துக்கொண்டார். பிறகு விளக்கினார். அமெரிக்கத் தலைமை அலுவலகம், ஏற்றி வரும் ஒவ்வொரு காருக்கும் எழுதும் ரெக்கவரிச் சீட்டுகளை எண்ணித்தான் தரத்துக்கு மதிப்பெண் போடுகிறது. ஆகவே குறைய வேண்டியது சீட்டுகள்.

"சார், வண்டி நிக்கிறது என் கையிலயா இருக்கு? போன் வருது, போறேன், தூக்கிட்டு வாரேன்."

"அதான் பிரச்சினையே. நீங்க போறீங்க. நீங்க போனதும் அது ஒரு சம்பவம் ஆயிடுது."

அன்றே மூன்று உத்தரவுகள் வந்தன. முதலாவது, 'பிரேக்டவுன்' என்ற சொல்லை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது. 'வாடிக்கையாளர் காத்திருப்பு அனுபவம்' என்றே சொல்ல வேண்டும். இரண்டாவது, ரெக்கவரி லாரியின் முன்னால் இருக்கும் ஜப்பான் முத்திரையின் மேல் பிராட்மோர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மூன்றாவது, நின்ற காரைத் தொடுவதற்கு முன் அதன் சொந்தக்காரரிடம் பதினான்கு கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டும். அதன் ஒன்பதாம் கேள்வி: 'காத்திருந்த நேரத்தில், உங்கள் பிராட்மோரின் வெளித்தோற்றத்தை ரசிக்கப் போதிய அவகாசம் கிடைத்ததா?'

ஷார்ஜா சாலையில் நின்றிருந்த ஒரு அரபு இளைஞர் ஒன்பதாம் கேள்விவரை வந்து, படிவத்தைக் கிழித்து, "கலாஸ்", முடிந்தது என்று கார்மேகத்தின் சட்டைப் பையில் திணித்தார். அதைப் பாலமுரளி, 'பதில் அளித்தவர்' என்ற பிரிவில் சேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒப்பீட்டுக் கூட்டம் நடந்தது. போட்டிக் கம்பெனியின் ஜப்பான் கார் ஒன்றை வாங்கிக் கிடங்கில் நிறுத்தியிருந்தார்கள். ஊழியர்கள் ஒவ்வொருவராக அதில் உட்கார்ந்து குறை கண்டுபிடித்து எழுத வேண்டும். முதல் வாரம் யாரும் எதுவும் எழுதவில்லை. இரண்டாம் வாரம் ஒருவர் 'பார்க்க டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கிறது' என்று எழுதி, அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் ஆனார். பிறகு ஓட்டிப் பார்த்தார்கள். துபாயிலிருந்து அபுதாபிக்குப் போய்விட்டு வந்தது. மறுபடி போய்விட்டு வந்தது. அறிக்கையில் பாலமுரளி எழுதியது இது: 'இந்த வண்டி தன் உரிமையாளரோடு எந்த உறவையும் ஏற்படுத்திக்கொள்ளவில்லை. சாவியைப் போட்டால் ஓடுகிறது, அவ்வளவுதான்.'

கார்மேகத்துக்கு உண்மையில் பிராட்மோர் பிடிக்கும். நீளமான முன்பக்கம், சோபா போன்ற இருக்கை, ஐந்து நிமிடத்தில் பல் கிட்டிக்கும் ஏசி. இன்ஜின் உறுமினால் நெஞ்சுக்கூட்டில் கேட்கும். ஏற்றி இறக்கும்போது அதில் அரை நிமிடம் உட்கார்ந்தால்கூட ஆள் ஒரு சுற்று பெருத்த மாதிரி இருக்கும். இவ்வளவு அழகான வண்டியை இப்படி முதுகில் ஏற்றிப் போகிறோமே என்று அவனுக்கு வருத்தமாகக்கூட இருந்திருக்கிறது.

அவனுக்கு இருந்த பெரிய வருத்தம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன் அவன் லீவில் ஊருக்குப் போய் வந்த பிறகு, மனைவி வடிவு பெற்ற பெண் குழந்தைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. விஜி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் இன்னும் பார்க்கவில்லை. லீவு கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தான். இப்போது அந்தக் காகிதமும் மாடி அறைக்குப் போயிருந்தது.

"லீவு கண்டிப்பா உண்டு" என்றார் பாலமுரளி. "தொடர்ந்து மூணு மாசம், மாசத்துக்குப் பத்து ரெக்கவரிக்குக் கீழே கொண்டு வாங்க. அடுத்த ஃப்ளைட்ல ஏறலாம். இதுக்குப் பேரு ஓனர்ஷிப்."

அன்று வடிவிடம் போனில் இதைச் சொல்லிப் பார்த்தான்.

"கார் நின்னா ஒங்களுக்கு ஏன் லீவு இல்ல?" என்றாள் வடிவு.

"அது ஓனர்ஷிப்பாம்."

"அப்ப காரு ஒங்களுதா?"

"இல்ல."

"புள்ள கண்ணாடியில தன்னப் பாத்தே அப்பாங்குது. சீக்கிரம் வாங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

ஜூலை மூன்றாம் தேதி நண்பகலில் புஜைரா போகும் மலைப்பாதையிலிருந்து போன் வந்தது. கார்மேகம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பாறைகளுக்கு நடுவில் கறுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு பிராட்மோர் நின்றது. அதன் நிழலில் ஒரு தமிழ்க் குடும்பம் உட்கார்ந்திருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்த திருச்சிக்காரர் கோபாலசாமி, அவர் மனைவி சந்திரகலா, எட்டு வயது மகள் ஹர்ஷினி. குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, தாயின் மடியில் கண் செருகிக் கிடந்தது. தண்ணீர் தீர்ந்து போயிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன், ஜப்பான் வண்டி வாங்குங்கன்னு" என்று சந்திரகலா யாரையும் பார்க்காமல் சொன்னாள். "கம்பீரமா இருக்குன்னு இதை வாங்கினார். இதோ, கம்பீரமா நிக்கறது."

கார்மேகம் படிவத்தை எடுக்கவில்லை. தன் தண்ணீர்க் கேனை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்தான். இன்ஜினைக் குளிர்விக்கும் ஃபேன் சுற்றவில்லை. நான்கு வருடமாக அவன் ஏற்றி வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலே என்று தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் உண்டு. பிராட்மோரின் ரிலே வளைகுடா வெயிலில் உருகிச் செயலிழந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் அதை எடுத்துவிட்டு, அமெரிக்காவிலிருந்து வந்த அதே மாதிரி இன்னொன்றைப் போடுவார்கள். அடுத்த வெயிலுக்கு அதுவும் உருகும்.

குழந்தையை லாரியில் ஏற்றலாம் என்றால் லாரியில் ஏசி கிடையாது. அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு லாரிக்குப் போய், ஹாரனுக்கு இருந்த ரிலேயைப் பிடுங்கி வந்தான். அதற்கும் நான்கு கால், இதற்கும் நான்கு கால். செருகினான். தண்ணீர் ஊற்றி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, சாவியைத் திருப்பினான். ஃபேன் சுற்றியது. இன்ஜின் உறுமியது. ஏசி பனிக்காற்றாக வீசியது. பின்சீட்டில் கிடத்திய குழந்தை கால் மணி நேரத்தில் கண்ணைத் திறந்து ஆங்கிலத்தில் ஜூஸ் கேட்டது.

கோபாலசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா போட்டே?" என்றார்.

"பழைய சாமான் சார். ஓடுறவரைக்கும் ஓடும்."

கார் புஜைராவுக்குப் போயிற்று. ரெக்கவரி வெறும் முதுகோடு, ஹாரன் இல்லாமல் துபாய்க்குத் திரும்பியது. எழுத வேண்டிய சீட்டு எதுவும் இல்லை என்பது கார்மேகத்துக்குப் பாதி வழியில்தான் உறைத்தது.

தொழிலாளர்கள் தங்கும் சோனாப்பூர் கேம்ப்பில் அவனுடைய அறையில் மேல்கட்டில்காரன் செய்கு முகம்மது. கீழக்கரைக்காரன். ஷார்ஜாவில் பழைய வண்டிகளை உடைத்து உதிரிபாகம் விற்கும் கடையில் வேலை.

"மாப்ள, ஜப்பான் வண்டி ரிலே கெடைக்குமா?"

"எத்தன?"

"நின்ன வண்டிக்கெல்லாம்."

செய்கு முகம்மது ஒரு அரிசிப் பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தான். குப்பையில் கிடந்தவை என்று விலை சொல்லவில்லை.

போன் வரும். கார்மேகம் போவான், மாட்டுவான், கையைத் துடைத்துக்கொண்டு வருவான். ஜூலையில் ஒன்பது சீட்டு. ஆகஸ்டில் ஆறு. செப்டம்பரில் இரண்டு, அதில் ஒன்று ஒட்டகத்தின் மேல் மோதியது. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்குகள் கேரம் ஆடினார்கள். பாலமுரளியின் வரைபடத்தில் கோடு தரையைத் தொட்டது. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அக்டோபரில் கார்மேகம் மாடிக்குப் போய் நின்றான்.

"மூணு மாசம் ஆயிருச்சு சார். லீவு."

"உங்க லீவை நான் மறப்பேனா? ஆனா இப்ப ஒரு விழா இருக்கு. அது முடியட்டும்."

பிராட்மோர் உலகம் முழுவதும் விற்ற இடங்களில், தரத்தில் துபாய் முதலிடம் வந்திருந்தது. தலைமை அலுவலகத்தில் யாராலும் இதை நம்ப முடியவில்லை. ஆனால் மகிழ்ச்சியாக இருந்ததால் நம்பினார்கள். துணைத் தலைவர் ஹாங்கின்ஸ் நேரில் வந்தார். கூடவே, வண்டிகள் ஏன் நிற்கவில்லை என்று பார்க்க ஒரு வயதான எஞ்சினியரையும் அனுப்பியிருந்தார்கள்.

நட்சத்திர ஓட்டலில் விழா. ஹாங்கின்ஸ் பேசினார்:

"நண்பர்களே, ஜப்பான் கார் வாங்கியவன் மறுநாளே தன் காரை மறந்துவிடுகிறான். நம் வாடிக்கையாளர் அப்படியல்ல. காலையில் எழுந்ததும் அவர் தன் பிராட்மோரை நினைக்கிறார். கிளம்புமா என்று நினைக்கிறார். பாதி வழியில் நினைக்கிறார். வீடு வந்து சேர்ந்தால் நன்றி சொல்கிறார். இந்த உணர்ச்சியை எந்த ஜப்பான் கம்பெனியாலும் கொடுக்க முடியாது. போட்டியாளர்கள் காரை மாற்றுகிறார்கள். நாங்கள் உணர்வை மாற்றுகிறோம். தர உணர்வுத் துறை ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை என்பதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாலமுரளிக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கிடைத்தது. கார்மேகம் வாசலில் நின்ற லாரியில் உட்கார்ந்திருந்தான். விழாவுக்கு வந்த பிராட்மோர்களில் எதுவும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவனை வரச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் எஞ்சினியர் ஒர்க்‌ஷாப்பில் பத்து வண்டிகளின் பானெட்டைத் திறந்தார். பத்திலும் ஃபேன் ரிலேயின் மேல் ஜப்பான் எழுத்து இருந்தது. மாட்டியது யார் என்று கேட்டார். கார்மேகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

கிழவர் கார்மேகத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

"என்ன சார் சொல்றாரு?"

பாலமுரளி தயங்கினார். "எட்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி ரிலே போடலாம்னு இவர்தான் எழுதிக் கொடுத்தாராம். அமெரிக்காவுல உருகலையேன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். இது உனக்கு... உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்."

கார்மேகம் கிழவரைப் பார்த்து, "இன்ஜின் குட் சார். வெரி குட்" என்றான். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை.

ரிலேயைப் பற்றிய கூட்டம் இரண்டு நாள் நடந்தது. முடிவில் வந்த அறிக்கை தெளிவாக இருந்தது. பிராட்மோரின் தரம் உலகத்திலேயே முதன்மையானது. அந்தத் தரத்தை அந்நியப் பொருள் ஒன்று களங்கப்படுத்தியிருக்கிறது. எனவே பாதிக்கப்பட்ட நூற்றுப் பன்னிரண்டு வண்டிகளையும் வரவழைத்து, ஜப்பான் ரிலேயை அகற்றி, அசல் பிராட்மோர் ரிலேயைப் பொருத்த வேண்டும். ஒத்துழைக்காதவர்களுக்கு வாரண்டி கிடையாது.

"அதை மாட்டுனா மறுபடி நிக்குமே சார்" என்றான் கார்மேகம்.

"நிக்கலாம். ஆனா ஒரிஜினலா நிக்கும்."

"என் லீவு?"

"வண்டியெல்லாம் நிக்க ஆரம்பிச்சா ரெக்கவரி வேணுமே மிஸ்டர் கார்மேகம். இந்த நேரத்துல உங்களை எப்படி விட முடியும்?"

கார்மேகம் முதல் முறையாக எதிர்த்துப் பேசினான், குரலை உயர்த்தாமலேயே. "நான் கழட்ட மாட்டேன் சார். வெயில்ல ஒரு புள்ள மயங்கிக் கெடந்துச்சு. நீங்க அதப் பாக்கல. வேற ஆள வச்சுக் கழட்டிக்கங்க. என்னைய விசா கேன்சல் பண்ணி அனுப்புனாலும் சரி."

வேறு ஆளை வைத்தார்கள். ஆனால் கழற்ற வண்டி வரவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கடிதம் போனதில் வந்தவர் ஒருவர்தான். கோபாலசாமி. காரை ஷோரூம் வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு, கடிதத்தோடு மாடி ஏறினார்.

"வாங்க சார், ஒரு பத்து நிமிஷ வேலை" என்றார் பாலமுரளி. "அந்த ரிலேயை மட்டும் எடுத்துடுவோம்."

"எடுக்கப்படாது."

"அது எங்க பார்ட் இல்லை சார்."

"தெரியும். அதனாலதான் வண்டி ஓடறது. அந்த ஒண்ணை என்கிட்ட விட்டுட்டு, மிச்ச வண்டியை வேணா கழட்டிக்கோங்கோ." பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில் போட்டார். "எழுபது பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். இதே சாமானை எல்லா வண்டியிலும் நீங்களே போட்டுத் தரணும். இல்லேன்னா உருகற ரிலேன்னு தெரிஞ்சே வித்திருக்கேள்னு அமெரிக்காவுல கேஸ் போடறதா இருக்கோம். மாட்டின பையன்தான் எங்க முதல் சாட்சி."

அவர் போன பிறகு ஷோரூமில் யாரும் யாரிடமும் என்ன உணர்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

புதன்கிழமை காலை தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. கம்பெனி வழக்கறிஞர்கள் மறுநாள் மாலை வந்து இறங்குகிறார்கள். துபாயில் சீட்டுகள் எப்படிக் குறைந்தன, யார் குறைக்கச் சொன்னார்கள் என்று அந்த டிரைவரிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும்.

பதினோரு மணிக்குக் கார்மேகத்தைக் கூப்பிட்டார்கள். மாடி அறையில் மேஜைமேல் அவனுடைய பாஸ்போர்ட் இருந்தது. கொழும்பு வழியாகத் திருச்சிக்கு டிக்கெட் இருந்தது. லீவுக் காகிதத்தில் தேவையான ஐந்து கையெழுத்துகளும் விழுந்து மை காயாமல் இருந்தது.

"நாளைக்குக் காலை பத்தரைக்கு ஃப்ளைட்" என்றார் பாலமுரளி. அவர் ஷேவ் செய்திருக்கவில்லை. "உங்க கடின உழைப்புக்கு மேனேஜ்மென்ட் தர்ற பரிசு."

"எத்தன நாள் சார் லீவு?"

"நாங்க கூப்பிடற வரைக்கும்."

கூப்பிட மாட்டார்கள் என்பது கார்மேகத்துக்குப் புரிந்தது. வேலை போனதும் லீவு கிடைத்ததும் ஒரே காகிதத்தில் இருந்தன. அவன் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியாமல் கேம்ப்புக்கு வந்து பெட்டியைக் கட்டினான். கோபாலசாமியின் விசிட்டிங் கார்டைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டான். எங்கே இருந்தாலும் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் வருவாயா என்று அவர் கேட்டிருந்தார். வருவேன் என்று சொல்லியிருந்தான். செய்கு முகம்மது குழந்தைக்கு என்று ஒரு கொலுசு டப்பாவைப் பெட்டிக்குள் செருகினான்.

"ஏர்போர்ட்டுக்கு பஸ்ல போயிருவேன் மாப்ள" என்றான் கார்மேகம்.

பஸ்ஸுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கேம்ப் வாசலில் பாலமுரளியே வந்து நின்றார். சோனாப்பூரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை என்பது அவர் மூக்கைச் சுளித்த விதத்தில் தெரிந்தது. கம்பெனி பஸ்களுக்கு நடுவே நின்றது ஒரு சின்ன வெள்ளைக் கார். ஜப்பான் கார். ஐந்தாறு வருடப் பழசு, கண்ணாடியில் பிள்ளையார் ஆடிக்கொண்டிருந்தார்.

கார்மேகம் பெட்டியோடு நின்று காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கம்பெனி உங்களுக்குப் புது பிராட்மோர் குடுத்திருக்குல்ல சார்?"

"குடுத்திருக்கு."

"அப்ப இது?"

"என்னோடது. வீட்டுக்கு வச்சிருக்கேன்." பாலமுரளி டிக்கியைத் திறந்து பெட்டியைத் தானே வாங்கி உள்ளே வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏறுய்யா. இன்னிக்கு நீ அந்த ஃப்ளைட்டைப் பிடிச்சே ஆகணும்."